கரண்டி அக்காவுக்கு வந்த பாதி

உலகத்தில் நீதி என்று ஒன்று உண்டா என்று படித்தவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பேருந்துப் பணிமனைக் கேன்டீனில் மத்தியானம் தட்டோடு வரிசையில் நின்ற ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. அங்கே நீதி கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. நீளக் காம்பு வைத்த ஒரு கரண்டியாக, நீலக்கோடு போட்ட மேலங்கி அணிந்த ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

அவளைக் கரண்டி அக்கா என்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளம் வாங்குவதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்படவில்லை. குழம்பை முகந்து, அண்டாவின் விளிம்பில் ஒரே ஒரு இடி இடிப்பாள். வழிய வேண்டியது வழிந்துவிடும். மீதி என்னவோ அதுதான் உங்கள் பங்கு. சிரித்தாலும் அவ்வளவுதான், முறைத்தாலும் அவ்வளவுதான். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் தட்டை நீட்டியபடி அப்படியே நின்றுபார்த்தார்.

“என்னம்மா, மேனேஜருக்கும் இவ்வளவுதானா?”

“ஏன் சார், உங்களுக்கு வயிறு ரெண்டா?”

மேனேஜர் கோபித்துக்கொண்டு சில நாள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார். பிறகு வீட்டுச் சமையலையும் கேன்டீன் சமையலையும் ஒப்பிட்டுப் பார்த்து, கௌரவத்தை விட்டுவிட்டு மறுபடி வரிசைக்கு வந்தார். அவருக்கும் அதே இடி, அதே அளவு.

வரிசை முடிந்ததும் அவள் ஒரு குரல் கொடுப்பாள்: “சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா?” ஒர்க் ஷாப்பின் கடைசிக் குழி வரைக்கும் கேட்கும். வண்டிக்கு அடியிலிருந்து யாராவது எண்ணெய்க் கையோடு ஊர்ந்து வருவார்கள். அவர்களும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அண்டாவைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தனக்குப் போட்டுக்கொள்வாள். தன் பங்கை மட்டும் அவள் இடித்துப் பார்த்ததில்லை. அங்கே இடிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள். “புருஷன் பொண்டாட்டி சரிபாதின்னு எல்லாரும் சொல்றாங்க. யாராவது அளந்து பாத்தாங்களா?”

இந்த அளவுப் பித்து எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரபூர்வமான வரலாறு உண்டு. அது ஒரு முட்டையில் தொடங்குகிறது.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஒரு முட்டை வேகும். ஒரு முட்டை, இரண்டு பிள்ளைகள். அம்மா தையல் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, அவித்த முட்டையை நடுவில் அறுப்பாள். நூல் நேராகத்தான் இறங்கும். ஆனால் அறுத்து முடித்துப் பார்த்தால் மஞ்சள் கரு முக்கால்வாசி தம்பி பக்கம் இருக்கும். “அது முட்டையோட குணம்டி” என்பாள் அம்மா. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஒரே குணத்தோடு பிறக்கும் முட்டைகளை உலகத்தில் எந்தக் கோழியும் இட்டதில்லை என்பது அக்காவின் வாதம். மஞ்சள் கரு தானாகவே தன் பக்கம் வழுக்கி வந்தது, அதில் தன் குற்றம் ஏதுமில்லை என்பது தம்பியின் வாதம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கோயிலில் அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த நாளில் அவள் பெரிதாக ஒன்றும் உணரவில்லை. நாக்கில் வெள்ளை அப்பம் ஒட்டிக்கொண்டது, அதைப் பல் படாமல் விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது. அவளுக்கு விசுவாசம் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, தம்பிக்குப் புதுநன்மை கொடுத்த அன்று. வெள்ளைச் சட்டை போட்ட பையன்களின் வரிசையில் தம்பியின் முறை வந்தபோது, அவள் பெஞ்சுமேல் முட்டிபோட்டு ஏறி, சாமியாரின் விரல்களைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ஆண்பிள்ளை ஆயிற்றே, இங்கேயும் ஓரவஞ்சனை நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பார்த்தாள். நடக்கவில்லை. அவளுக்கு என்ன அளவோ அதே அளவு. முன்வரிசையில் நின்ற மருந்துக்கடை முதலாளிக்கும் அதே அளவு. பின்னால் நின்ற தெருக்கூட்டும் அம்மாளுக்கும் அதே அளவு.

சாமியார் கையிலிருந்த அப்பம் மட்டும் பெரிதாக இருந்தது. அதையும் அவள் சும்மா விடவில்லை. மறைக்கல்வி சொல்லித்தந்த கன்னியாஸ்திரியிடம் போய் விசாரித்தாள். “அது பின்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியறதுக்காக. அதையும் அவர் ஒடைச்சுத்தானே சாப்பிடறார்” என்று பதில் கிடைத்ததும்தான் வழக்கை முடித்தாள். அன்றிலிருந்து அவள் பூசை தவறியதில்லை. பூமியில் தனக்கும் சமமாகப் பரிமாறப்படும் ஒரே பந்தி அதுதான் என்று கண்டுகொண்டவள் எப்படித் தவறுவாள்? அந்தப் பந்தியில் பரிமாறுபவரே உணவாகவும் இருக்கிறார் என்பது பின்னால் மெல்ல மெல்லப் புரிந்தது. கேன்டீனில் எல்லோருக்கும் போட்டுவிட்டு அண்டாவைச் சுரண்டும்போது சில சமயம் அவளுக்கு அந்த நினைவு வரும். தன்னையே முழுக்கப் பரிமாறிவிட்டால் அடியில் சுரண்டக்கூட எதுவும் மிஞ்சாதே என்று நினைத்து, கண் கலங்கி, வெங்காயத்தின் மேல் பழி போடுவாள்.

இனித் தம்பி. அவன் முடிதிருத்துபவன். ரேடியோ என்று பெயர். சுவிட்சு இல்லாத ரேடியோ. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவன் கடையே சாட்சி. கத்தரிக்கோல் நின்றாலும் பேச்சு நிற்காது. கடைக்கு வரமுடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்ச் சவரம் செய்வான். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யாருக்கு எந்தப் பக்கம் புண் என்பதெல்லாம் டாக்டரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா இறந்தபின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் தம்பி பக்கம் போயிற்று. மஞ்சள் கரு மறுபடியும் அவன் பக்கமே வழுக்கியது என்று அக்கா நினைத்தாள், பேச்சு நின்றது. சுவரில் ஒரு கதவு மட்டும் விட்டுவைக்கச் சொன்னவள் தம்பியின் மனைவி. துணி இஸ்திரி போடுபவள். ரேடியோவோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்குப் பேச வாய்ப்பே கிடைக்காமல், நாளடைவில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவள் மட்டும் அந்தக் கதவு வழியாக வருவாள், போவாள்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே இரும்பு வைத்து, நடக்கக் கூடாது, தனியாக எழுந்திருக்கவே கூடாது என்று அனுப்பிவைத்தார்கள். தம்பி மனைவி இஸ்திரி மேசையை அக்கா அறைக்கே மாற்றிக்கொண்டாள்.

அக்காவுக்கு வலி பெரிதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாக இருந்தது. பங்குச் சாமியார் ஒருவர், கோயில்கள் இரண்டு. நோயாளிகளின் வீட்டுக்கு அவரால் எப்போதாவதுதான் வரமுடிந்தது. அதனால் நற்கருணை கொண்டுபோய்க் கொடுக்க, சாமியார் அல்லாத பொதுநிலையினர் ஒருவரைத் தேடினார். ஏற்கெனவே எல்லா நோயாளி வீட்டுக்கும் போய்வருபவன் ஊரில் ஒருத்தன்தான் இருந்தான்.

“அவன் கையாலயா ஃபாதர்?” என்றாள் அக்கா. “ஊரார் தாடையெல்லாம் தடவுற கை.”

“என் கை மட்டும் என்னம்மா? காலைல சைக்கிள் செயின் மாட்டின கை. கைய விடுங்க, குடுக்கறவர் யாருன்னு பாருங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

ரேடியோவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்பம் வைக்கும் நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் மாட்டி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். நேராக வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் நின்று பேசக் கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் அவன் முகம் வெளிறியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கடைப்பிடித்தான். முதல் ஞாயிறு அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவில் நடந்துபோனதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், பல் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டார். இன்னொருவர் அவன் மனைவியிடமே போய், “வீட்டுல ஏதாவது சண்டையாம்மா?” என்று விசாரித்தார்.

அக்கா யோசித்துக்கொண்டே இருந்தாள். ஞாயிறுகள் கடந்தன. கோயிலில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்ற மணி கேட்கும்போது கட்டிலின் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்காரப் பார்ப்பாள். இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பவள் ஓடிவந்து முதுகுக்குத் தலையணை வைப்பாள். ஒரு ஞாயிறு மணி ஓய்ந்ததும் அக்கா சொன்னாள்.

“பசிக்குதும்மா.”

தம்பி மனைவி ரொட்டியும் பாலும் கொண்டுவந்தாள்.

“இது இல்ல.”

“தெரியும் அண்ணி,” என்றாள் அவள். ரொட்டியை மூடி வைத்துவிட்டு, சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவில்லை. அன்று சாயங்காலம், “அடுத்த ஞாயித்துக்கிழமை அவன வரச்சொல்லு” என்று மட்டும் சொன்னாள். “கைய ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு. பேசக் கூடாது.”

அந்த ஞாயிறு அறையே மாறிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இஸ்திரி மேசை, அதன்மேல் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். அக்கா தலைவாரி, துவைத்த கேன்டீன் மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். ஏன் அது என்று யாரும் கேட்கவில்லை. பந்திக்குப் போகிறவள் தன்னிடம் இருக்கும் நல்ல உடுப்பைப் போட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

ரேடியோ சுவர்க்கதவு வழியாக வந்தான். அக்கா முகத்தைப் பார்க்காமல் முட்டிபோட்டான். ஜெபங்களைச் சொன்னான். என் வீட்டுக்குள் நீர் வர நான் தகுதியற்றவள் என்று அக்கா சொன்னாள். அவன் சிமிழைத் திறந்தான்.

உள்ளே பாதி அப்பம் இருந்தது. பிறை மாதிரி.

“என்னடா இது?”

“நற்கருணை அக்கா.”

“அது தெரியுது. மீதி எங்க?”

“பழைய டிரைவர் வீட்டுக்குப் போயிட்டு வரேன். ஊர்ல இருந்து அவரோட அக்கா வந்திருக்காங்க, கால் வீங்கிப் போயி. நான் கெளம்பறப்பக் கோல ஊனிக்கிட்டு வந்து, எனக்கும் தம்பின்னு கேட்டாங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது?”

“டிரைவரோடதுல பாதி குடுக்க வேண்டியதுதானே?”

“அவருக்கு முன்னாடியே குடுத்துட்டேன்.”

“முழுசா?”

“முழுசாத்தான்.”

“ஆக, தம்பிக்கு முழுசு. அவர் அக்காவுக்குப் பாதி. எனக்குப் பாதி. அக்காவாப் பொறந்தவளுக்கெல்லாம் இந்த உலகத்துல பாதிதானா?”

“அக்கா, துண்டுலயும் ஆண்டவர் முழுசா இருக்காருக்கா. பயிற்சில சொன்னாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கற மாதிரி...”

“பதம் பாக்க ஒரு சோறு போதும்டா. பசிக்குப் போதுமா? உவமையும் தப்பு. ஒரு பருக்கைங்கறது பானைல ஒரு பருக்கைதான். இது அப்படி இல்ல. துணுக்குன்னாலும் அதுல அவர் முழுசாத்தான் இருக்கார், பாதியா இருக்கறதில்ல. எனக்கே நீ ஞானோபதேசம் சொல்லித்தர்றியா?”

“அதத்தான்க்கா நானும் சொல்றேன். வாங்கிக்கோயேன்.”

“மாட்டேன்.”

இவ்விதமாக இறையியல் தர்க்கத்தில் அக்கா அபாரமாக ஜெயித்து, பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். மெழுகு உருகி வர்த்தியின் அடியில் கட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ சிமிழை ஏந்தியபடி முட்டியிலேயே நின்றான். மூடவும் மனம் வரவில்லை, நீட்டவும் தைரியம் இல்லை. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கோபம் தம்பிமேல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. பெஞ்சுமேல் முட்டிபோட்டுத் தான் கண்ணால் சரிபார்த்த ஒரே கணக்கு, இத்தனை காலம் கழித்து, இந்தக் கட்டிலில் வந்து பொய்த்துப் போகிறதே என்றிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவு அபூர்வமான குரல் என்பதால் இருவருக்கும் அது யாருடையது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அண்ணி. உங்களுக்கு வேண்டாம்னா... அந்தப் பாதிய எனக்குக் குடுக்கச் சொல்லலாமா?”

அக்கா கழுத்தைத் திருப்பினாள். தம்பி மனைவி கதவோரம் முட்டிபோட்டிருந்தாள். முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“உனக்கா?”

“நீங்க விழுந்ததுல இருந்து நான் வாங்கல அண்ணி. பூசை ஒண்ணுதானே. உங்களத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேனே. பசிக்குதுன்னு நீங்க சொன்னப்ப. தெரியும்னு.”

வரிசை முடிந்தபின் கடைசிக் குழி வரைக்கும் குரல் கொடுத்து, வண்டிக்கு அடியில் கிடப்பவனைக்கூடக் கூப்பிட்டுச் சோறு போட்டவள் அக்கா. தன் முதுகுக்குத் தலையணை வைத்த கைக்குச் சொந்தக்காரி சாப்பிட்டாளா என்று ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை. ரேடியோவும் கேட்கவில்லை. ஊரில் உள்ள நோயாளிகளின் பசியெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சொந்த மனைவிக்கு நோயில்லாததால் அவள் அவன் எல்லைக்குள் வரவில்லை. அவன் காதுகள் சிவந்துபோயிருந்தன.

“டேய்,” என்றாள் அக்கா.

“அக்கா?”

“ஒடை.”

“எத?”

“கைல வச்சிருக்கியே, அதத்தான். அவளுக்கும் எனக்கும். கண்ணாடிய நல்லாப் போட்டுக்கோ. கீழ சிந்தாம ஒடை.”

அம்மாவிடம் இருந்தாற்போல அவனிடம் நூல் இல்லை. வெள்ளைத் துணிக்கு மேல் கையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலால்தான் உடைத்தான். அது தன் இஷ்டப்படி உடைந்தது. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறியதாகவும் வந்தது. சிறியது நகக்கண் அளவுதான். கேன்டீனில் இப்படிப் பரிமாறியிருந்தால் வேலைநிறுத்தமே நடந்திருக்கும்.

ரேடியோ இரண்டையும் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவனுக்குள் பல வருஷத்து ஞாயிற்றுக்கிழமை முட்டைகள் வரிசையாக உருண்டு போயிருக்க வேண்டும். பெரிய துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

அக்கா வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மோவாயால் சிமிழைக் காட்டினாள்.

“சின்னது.”

“அக்கா, எது வாங்கினாலும் ஒண்ணுதான்க்கா.”

“தெரியும்டா. அதனாலதான் கேக்கறேன்.”

அவன் சிறிய துண்டை எடுத்து மறுபடியும் சொன்னான். அவள் “ஆமென்” என்று சொல்லி நாக்கை நீட்டினாள். அவ்வளவு சிறியதை விழுங்கச் சிரமம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவள் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். பெரிய துண்டு கதவோரம் போயிற்று.

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். இஸ்திரிப் பெட்டி மூலையில் ஆறிக் கிடந்தது. ஒரு மனிதன் அடக்கிவைத்த பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு.

“அக்கா, அந்த முட்டை விஷயம்...”

“வாய மூடுடா. உள்ள ஆண்டவர் இருக்கார்.”

மூடினான். தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்லமுடியவில்லை. அக்கா கையை நீட்டி அவளைப் பக்கத்தில் வரச்சொன்னாள்.

“அடுத்த வாரம் நீ பூசைக்குப் போ. ஒரு மணி நேரம் நான் செத்துட மாட்டேன்.”

“தனியா எப்படி அண்ணி?”

“தனியா என்ன தனியா. அந்தக் கதவத் தெறந்து வச்சுட்டுப் போ.”

ரேடியோ முறைப்படி சிமிழில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, விரலையும் அதிலேயே கழுவி, மெல்லச் சுழற்றினான். உதட்டருகே கொண்டுபோய்க் குடித்தான். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்டா காலியாகும்போது பார்ப்பது போல.

“அடியில ஏதாவது ஒட்டியிருக்கா பாரு,” என்றாள். “இருந்தா அது உனக்கு.”